சிசெல் போட்ட சிவப்பு

அந்தப் படிவத்தைக் கண்டுபிடித்த மனுஷன், அவன் யாராக இருந்தாலும் சரி, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஒன்பதாம் வகுப்பு முன்னால் ஒரு தரம்கூட நின்றிருக்க மாட்டான். நின்றிருந்தால் அதற்கு "என் கற்பித்தலைப் பற்றி நான்" என்று தலைப்பு வைக்கத் துணிந்திருக்க மாட்டான். முப்பத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று கட்டங்கள். பச்சை என்றால் நன்றாகச் செய்கிறேன், மஞ்சள் என்றால் ஏதோ செய்கிறேன், சிவப்பு என்றால் செய்யவில்லை. கடைசியில் ஒரு விரற்கடை இடம் விட்டு "விரும்பினால் விளக்கவும்" என்று போட்டிருந்தார்கள்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை மதியம், ஆசிரியர் அறையில் வைத்துத் தலைமையாசிரியர் யெப்பெ அதை ஆளுக்கொன்றாகக் கொடுத்தான். யெப்பெவுக்கு நாற்பது வயது. நல்லவன்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் நகராட்சியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தால் போதும், அன்றைக்கு முழுக்க அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

"இது நமக்காகத்தான். நம்மள நாமே பாத்துக்கறதுக்கு," என்றான்.

"அப்புறம் எதுக்கு நகராட்சிக்கு அனுப்புற?" என்றாள் சிசெல்.

"ஒரு பிரதி மட்டும்."

"நமக்காகன்னா நம்ம மேஜைக்குள்ள கெடக்கட்டுமே. உன் டைரியை நீ நகராட்சிக்கு அனுப்புறியா?"

பௌதிகம் எடுக்கும் பென்ட் காபிக் கோப்பைக்குள்ளேயே சிரித்தான். அவன் ஓய்வு பெறப் பதினான்கு மாதம்தான் பாக்கி. யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டே எல்லாருக்கும் பயப்படுகிற வயது அது. "இதுல கறுப்புக் கட்டம் இல்லையா, யெப்பெ? எனக்குக் கடுப்பு வந்தா எதுல போடுறது?" என்று கேட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து முப்பத்திரண்டுக்கும் பச்சை போட்டு நான்கு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தான்.

சிசெல் தன் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கடல் நிலத்துக்குள் நீண்டு புகுந்த ஃபியோர்டுக் கரையில் இருக்கிற எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷமாக டேனிஷ் மொழிப் பாடம் எடுத்துவந்தாள். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து மிதித்து முழங்கால் இரண்டும் இரும்பு. குரல் அதைவிட. ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் டீச்சர், அந்தப் பாதிப் பேரும் அவளைச் சிசெல் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கம் டீச்சரும் பெயர்தான், மேயரும் பெயர்தான், எல்லாரும் எல்லாருக்கும் நீதான்.

அவள் புகழெல்லாம் ஒரே ஒரு விஷயத்தில். கேள்வி கேட்டால் காத்திருப்பாள். மற்ற டீச்சர்கள் கேள்வி கேட்டுவிட்டு மூச்சு விடுவதற்குள் தாங்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள், அல்லது எப்போதும் கை தூக்குகிற அந்த நான்கு பேரில் ஒருவனைக் கூப்பிடுவார்கள். சிசெல் கைகளைப் பார்க்கவே மாட்டாள். ஒருவன் பெயரைச் சொல்வாள், கேள்வியைக் கேட்பாள், கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். கடிகாரம் ஓடும். யாராவது நாற்காலியைத் தேய்ப்பார்கள். அவள் அசைய மாட்டாள்.

இதை அவள் எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் படிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் காய்ச்சலில் தொண்டை அடைத்துப் பேச்சே வராமல் போனது. லீவு எடுக்க வெட்கப்பட்டுக் கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு நின்றாள். நிரப்பிப் பேசக் குரல் இல்லை. மூன்று நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு, அந்த வருஷம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு பையன் பேச ஆரம்பித்து, மணி அடிக்கிறவரை நிறுத்தவில்லை. குரல் திரும்பி வந்த பிறகும் சிசெல் அந்த மூன்று நிமிடத்தை விடவில்லை.

அதனால் பதினேழாவது கேள்வியைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எல்லா மாணவர்களுக்கும் யோசிக்க நேரம் கொடுக்கிறேன்." கொடுக்கிறேனாவா! இதற்குப் பச்சை போடுவதற்கே பேனா போதாதே! ஆனால் அவளுக்கு ஒரு வீம்பு உண்டு. வெறும் பச்சை போடுகிற ஆள் அவள் இல்லை. ஆதாரத்தோடு போட்டு, கேட்டவன் முகத்தில் எறிய வேண்டும். ஒன்பதாம் பி வகுப்பிடம் சொல்லிவிட்டு, ஒரு வாரம் தன் பாடங்களைக் கைபேசியில் பதிவு செய்தாள்.

சனிக்கிழமை காலையில் சமையலறையில் ரை ரொட்டியும் சீஸும் வைத்துக்கொண்டு கேட்க உட்கார்ந்தாள். கேள்வி முடிந்ததும் கடிகாரத்தைத் தட்டுவாள், பதில் தொடங்கியதும் நிறுத்துவாள், பெயருக்கு நேரே எழுதுவாள். பதின்மூன்று நொடி. ஒன்பது. இருபத்திரண்டு. ஆகா. பதினெட்டு. ரொட்டியைக் கடித்துக்கொண்டே தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அப்புறம் விக்காவின் பெயர் வந்தது. இரண்டு நொடி.

தவறாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்துத் திரும்பக் கேட்டாள். இரண்டேதான். அந்த இரண்டு நொடிக்குப் பிறகு வந்த குரல் விக்காவுடையது அல்ல. அவளுடையதே. "அதாவது, அந்த அம்மா கோபமா இருக்கான்னு சொல்ல வர்றே, இல்லையா விக்கா? ரொம்ப சரி." செவ்வாய்க்கிழமை: இரண்டு நொடி. புதன்: ஒன்று. வியாழன் இரண்டு தரம், இரண்டு தரமும் இரண்டு. வாரத்தில் ஏழு கேள்வி, ஏழுக்கும் சிசெலே பதில் சொல்லி, சிசெலே "ரொம்ப சரி" என்று பாராட்டியிருந்தாள்.

விக்கா மெதுவாகப் பேசுகிற பெண். ஒரு வாக்கியத்தை எடுப்பதற்கு முன்னால் அவள் உதடு கொஞ்சம் திறந்து மூடும். அவள் அப்பா காய் ஃபியோர்டில் சிப்பி அள்ளுகிற படகு வைத்திருக்கிறார். அவளுக்குப் படகு எஞ்சின் மெக்கானிக் ஆக வேண்டும், தொழிற்பள்ளிக்குப் போக வேண்டும். அதற்கு டேனிஷ் மொழியில் குறைந்தது 02 மதிப்பெண் வேண்டும். எங்கள் கணக்கில் தேர்ச்சிக்கு 02, அதற்கு மேல் 4, 7, 10, உச்சம் 12. சிசெலுக்கு அவள்மேல் பிரியம். பாவம், குழந்தை எல்லார் முன்னாலும் தடுமாறக் கூடாதே என்று நினைத்தாள். ஏழாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் நினைத்துவந்தாள்.

ரொட்டியைத் தட்டிலேயே வைத்தாள். கோபம் கோபமாக வந்தது. யெப்பெ மேலா, படிவத்தின் மேலா என்று தேடிப் பார்த்தாள். இரண்டும் இல்லை. முப்பத்தோரு வருஷமாகப் பீற்றிக்கொண்ட ஒன்றைத்தான் அந்தக் குழந்தைக்கு மட்டும் கொடுக்காமல் இருந்திருக்கிறாள், அதற்கு இரக்கம் என்று பெயரும் வைத்திருக்கிறாள். "மானங்கெட்டவளே," என்று தன்னையே வாய்விட்டுத் திட்டினாள்.

திங்கட்கிழமை சைக்கிள் கொட்டகையில் விக்காவைப் பிடித்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"நான் உன்னைப் பேச விடறதில்ல. ரெண்டு நொடிதான் பொறுக்கிறேன், உடனே நானே பதில் சொல்லிடறேன். சனிக்கிழமைதான் தெரிஞ்சுது."

விக்கா பூட்டுச் சாவியைச் சட்டைப்பையில் தேடிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எனக்குத் தெரியும்," என்றாள்.

"தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். நான் வாயை லேசாத் திறந்தாப் போதும், நீ ஆரம்பிச்சுடுவே. சில சமயம் நான் ஒண்ணுமே யோசிக்க மாட்டேன். சும்மா திறப்பேன்."

"ஏண்டி சொல்லல?"

விக்கா யோசித்தாள். சிசெல் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த முறை எத்தனை நொடி என்று யாரும் எண்ணவில்லை, ஆனால் முதல் மணி அடித்தே விட்டது.

"சௌகரியமா இருந்துச்சு," என்றாள் விக்கா. "அப்புறம், நீ அதுக்கு மேல எதிர்பார்க்கலேன்னு நெனச்சேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சிசெல் வகுப்புக்குள்ளும் கொண்டு போனாள், மதியச் சாப்பாட்டுக்கும் கொண்டு போனாள். சாயங்காலம் பதினேழாவது கேள்விக்குச் சிவப்பு போட்டாள். "விரும்பினால் விளக்கவும்" என்ற இடம் போதவில்லை, பின்பக்கத்தில் எழுதினாள்: "ஒரு பிள்ளையைத் தவிர எல்லாருக்கும் கொடுக்கிறேன். அந்த ஒருத்தியின் பதிலை இரண்டு வருஷமாக நானே சொல்லிவந்திருக்கிறேன். உதவி என்று நினைத்தேன். அவளால் முடியாது என்று நான் முடிவு கட்டியதுதான் அது. அவளுக்கும் அப்படியே விளங்கியிருக்கிறது."

மறுநாளே யெப்பெ கூப்பிட்டான். கதவைச் சாத்தினான். எங்கள் பள்ளியில் அவன் கதவைச் சாத்தினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"இதை மாத்திக் குடு, சிசெல்."

"எதை?"

"இந்தச் சிவப்பை. மஞ்சளாவது போடு. பின்பக்கம் எழுதினதெல்லாம் வேண்டாம்."

"ஏன், பொய்யா?"

"பொய்ன்னு நான் சொல்லல. படிக்கறப்போ எனக்கே என்னவோ பண்ணுச்சு. ஆனா நகராட்சியில இருக்கறவங்க படிக்கறப்போ என்ன தெரியும்? 'இந்தப் பள்ளியில ஒரு டீச்சர் ரெண்டு வருஷமா ஒரு பிள்ளையைப் பேச விடல.' அவ்ளோதான் தெரியும். எந்தப் பள்ளியை மூடலாம்னு உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காங்க. மத்தப் பள்ளியில இருந்தெல்லாம் பச்சையா வந்து குவியுது."

"அப்ப மத்தப் பள்ளியிலெல்லாம் தேவதைங்கதான் பாடம் எடுக்குதுன்னு அர்த்தம்."

"கிண்டல் பண்ணாதே."

"கிண்டல் இல்ல, யெப்பெ. என்னை நானே பாக்கச் சொன்னே. பாத்தேன். பாத்ததை எழுதினேன். இப்ப, பாத்தது நல்லால்ல, வேற எதையாவது பாருன்னா எப்படி? இந்தத் தப்பு என்னோடது. நான்தான் பண்ணினேன், நான்தான் கண்டுபுடிச்சேன். இதைப் பச்சையாக்க எனக்கே உரிமை கெடையாது, உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

யெப்பெ ஜன்னல் பக்கம் போனான், திரும்பி வந்தான். அவனுக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது. "சரி. நீ சிவப்போட அனுப்பணும்னா நான் பக்கத்துல ஒரு நடவடிக்கை எழுதியே ஆகணும். எழுதறேன். ஜூன்ல வாய்மொழித் தேர்வு வருது. ஒன்பதாம் பியில ஒரு பிள்ளை 02-க்குக் கீழ போனாலும், ஆகஸ்ட்ல புது வருஷம் தொடங்கறதுல இருந்து பெரிய வகுப்பு உனக்குக் கெடையாது. ரெண்டாம் வகுப்புல எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் குடுக்கலாம். மஞ்சள் போட்டா இதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

சிசெலுக்குப் பெரிய வகுப்புகள்தான் வாழ்க்கை. பதினைந்து வயசுப் பிள்ளைகளின் திமிர் இல்லாமல் அவளால் ஒரு வாரம்கூட இருக்க முடியாது. கோடை விடுமுறையிலேயே மூன்றாவது வாரம் எரிச்சல் வந்துவிடும். புருஷனைப் பிரிந்து, பிள்ளைகள் ஓர்ஹூஸ் நகரத்துக்குக் குடிபோய், வீட்டில் தனியாக இருக்கிறவளுக்கு அந்த வகுப்பறை ஒன்றுதான் சண்டை போட இடம். இது யெப்பெவுக்கும் தெரியும்.

"எழுது," என்றாள். "பெரிய எழுத்தாவே எழுது."

பென்ட் நடைபாதையில் காத்திருந்தான். "ஒரு கட்டம், சிசெல்! ஒரே ஒரு கட்டம்! போட்டுட்டுப் போயேன். என்னைப் பாரு, முப்பத்திரண்டும் பச்சை, ராத்திரி நல்லாத் தூங்கறேன்."

"உன் வகுப்புலயும் எல்லாரும் நல்லாத் தூங்கறாங்கன்னு கேள்விப்பட்டேன்," என்றாள் சிசெல். பென்ட் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவளுக்குத் துணையாக வேறு யாரும் சிவப்பு போடவும் இல்லை. கதைகளில்தான் ஒருவர் எழுந்தால் ஊரே எழும். எங்கள் ஆசிரியர் அறையில் எல்லாரும் எழுந்து கோப்பையைக் கழுவிவிட்டுக் கலைந்தார்கள்.

சிவப்பு போடுவது சுலபம். அடுத்த நாள் வகுப்பில் நின்று காத்திருப்பது இருக்கிறதே, அதுதான் கஷ்டம். சிசெல் விக்காவைக் கேட்டாள், நின்றாள். ஐந்து நொடி. பத்து. விக்கா வாயைத் திறந்தாள், பழக்கப்படி. சிசெலிடமிருந்து பதில் வரவில்லை என்றதும் அவள் முகம் மாறியது. பதினைந்து. பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். நான்கு கைகள் உயர்ந்து ஆடத் தொடங்கின. விக்கா காது மடல் வரை சிவந்து, பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். மூன்று நாள் வரவில்லை.

மூன்றாம் நாள் அவள் அப்பா காய் வந்தார். சிப்பிக் கூடை வாசனையோடு, ரப்பர் பூட்ஸோடு, வகுப்பு வாசலிலேயே நின்றார்.

"என் பொண்ணை அழ வெச்சியாமே."

"ஆமா."

அவர் மறுப்பை எதிர்பார்த்து வந்திருந்தார். "நல்லா இருந்த பொண்ணு," என்றார். "ரெண்டு வருஷம் நல்லாப் பாத்துக்கிட்டே. இப்ப என்ன வந்துச்சு உனக்கு?"

"நல்லாப் பாத்துக்கல, காய். அதான் வந்துச்சு."

"என்னவோ. எனக்கு இந்தப் படிப்பெல்லாம் தெரியாது. அவளுக்கு 02 வரணும். வரலேன்னா உன்னைச் சும்மா விட மாட்டேன்." போய்விட்டார். சிசெல் அன்று முழுக்க நிலைகொள்ளாமல் இருந்தாள். தன் பிடிவாதத்துக்கு ஒரு குழந்தையைப் பலி கொடுக்கிறோமோ என்று பயந்தாள். பயந்தாலும் பழைய வழிக்குத் திரும்ப மனசு வரவில்லை.

மறுநாள் விக்கா வந்தாள். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு மேஜை முன்னால் வந்து நின்றாள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"மூணு விஷயம்," என்றாள். "ஒண்ணு, நான் யோசிக்கறப்போ என் மூஞ்சியைப் பாக்காதே. நீ பாக்கற பார்வை இருக்கே, நாய்க்குட்டி அடிபட்டா பாக்கற மாதிரி பாக்கற. ஜன்னலைப் பாரு."

"சரி."

"ரெண்டு, ஒருத்தர் பேரைச் சொல்லிக் கேட்டா மத்தவங்க கையைக் கீழ போடணும். எனக்கு மட்டும் இல்ல. எல்லாருக்கும்."

சிசெலுக்குச் சுரீரென்றது. முப்பத்தோரு வருஷமாகத் தான் கைகளைப் பார்ப்பதில்லை என்றுதான் பெருமைப்பட்டிருக்கிறாள். அந்தக் கைகளைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. "சரி. மூணாவது?"

விக்கா தாளைப் பார்த்தாள். நேரமாயிற்று. சிசெல் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே துப்புரவுக்காரர் இலை கூட்டிக்கொண்டிருந்தார்.

"மூணாவது, 'ரொம்ப சரி'ன்னு சொல்லாதே. சரின்னா சரி. தப்புன்னா தப்பு."

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித்தான் போனது. சும்மா சொல்லக் கூடாது, ஒரு வாரத்தில் எல்லாம் மாறிவிடவில்லை. விக்கா பல நாள் நாற்பது நொடி யோசித்துவிட்டுத் "தெரியல" என்றாள். சில நாள் நாற்பது நொடி யோசித்துவிட்டுத் தப்பாகச் சொன்னாள், சிசெல் தப்பு என்றாள், அவள் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள். மார்ச் மாதம் ஒருநாள் சிசெல் பொறுக்க முடியாமல் பாதிப் பதிலைச் சொல்லிவிட்டாள். "வாயை மூடு, சிசெல்!" என்று வகுப்பே கத்தியது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் வந்து பல வருஷம் ஆகியிருந்தது.

ஜூன் மாதம் தேர்வு. அறை நடுவே பச்சைத் துணி விரித்த மேஜை, ஒரு பக்கம் சிசெல், பக்கத்தில் வெளியூர்ப் பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் லோனெ, எதிரே ஒரு காலி நாற்காலி. சொந்த டீச்சர்தான் கேள்வி கேட்பார். வெளியூர்க்காரர் குறிப்பெடுப்பார். பிள்ளை வெளியே போனதும் இரண்டு பேரும் பேசி மதிப்பெண் முடிவு செய்வார்கள். ஒரு பிள்ளைக்கு அரைமணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். நடைபாதையில் சொந்தக்காரர்கள் கேக்கோடும் கைக்கொடிகளோடும் காத்திருப்பார்கள்.

சொந்த டீச்சர் நினைத்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் அந்த மேஜையில். பதிலைக் கேள்விக்குள்ளேயே மடித்துக் கொடுக்கலாம். "அவள் திரும்பிப் பார்க்காததற்குப் பயம்தானே காரணம்?" என்று கேட்டால் பிள்ளை "ஆமாம்" என்றால் போதும். எல்லா டீச்சரும் செய்கிறதுதான், யாரும் குற்றமென்று சொல்வதில்லை. சிசெலுக்கு அது கைவந்த கலை. முந்தின நாளும் அன்றுமாகப் பத்தொன்பது பிள்ளைகள் போய் வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் 02-க்கு மேலேதான். கடைசியாக விக்கா.

அவள் சீட்டெடுத்த கதை, பேருந்தில் போகிற இரண்டு சகோதரிகள் பற்றியது. அக்கா ஊரை விட்டுப் போகிறாள். தங்கை பின்சீட்டில் இருப்பது தெரிந்தும் திரும்பியே பார்க்காமல் இறங்கிப் போகிறாள். விக்கா கதையைச் சுருக்கமாகச் சொன்னாள், யார் சொல்கிற கதை, எங்கே நடக்கிறது என்பதையெல்லாம் திணறித் திணறிச் சொல்லி முடித்தாள். அதுவரை 02 வருமா வராதா என்று யாராலும் சொல்ல முடியாது.

"அக்கா ஏன் திரும்பிப் பார்க்கல?" என்று சிசெல் கேட்டாள். கேட்டுவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பத்து நொடி. இருபது. லோனெ பேனாவை வைத்துவிட்டுச் சிசெலைப் பார்த்தாள். பரீட்சைக்கு வந்த குழந்தை தவிக்கிறது, இந்தப் பொம்பளை வேடிக்கை பார்க்கிறாளே என்று அவள் முகம் சொன்னது. முப்பது. சிசெலின் நாக்கு நுனியில் "பயம்" என்ற வார்த்தை வந்து நின்றது. அதைச் சொன்னால் போதும். விக்கா தலையாட்டுவாள், 02 வந்துவிடும், காய் கொடியை ஆட்டுவார், ஆகஸ்டில் அவளுடைய வகுப்பு அவளுக்கே. மேஜைக்கு அடியில் தன் கட்டைவிரலைப் பிடித்து முறுக்கிக்கொண்டாள். நாற்பது. ஐம்பது.

லோனெவுக்குப் பொறுக்கவில்லை. முன்னால் சாய்ந்து, தேன் ஒழுகும் குரலில், "ஒருவேளை நீ சொல்ல வர்றது என்னன்னா, அந்த அக்காவுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் பொறு," என்றாள் விக்கா. "நான் இன்னும் யோசிச்சு முடிக்கல."

லோனெ வாயை மூடிக்கொண்டாள். இருபத்தைந்து வருஷத் தேர்வு அனுபவத்தில் பச்சைத் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்படி ஒரு வார்த்தை அவள் கேட்டதில்லை என்று பிறகு அவளே சொன்னாள். சிசெல் திரும்பவில்லை. கண்ணில் நீர் கோத்து ஜன்னலே மங்கிவிட்டது.

"அவளுக்குப் பயம் இல்ல," என்றாள் விக்கா கடைசியில். "பயமா இருந்தா திரும்பிப் பாத்திருப்பா. பயந்தவங்கதான் பின்னாடி யாராவது வர்றாங்களான்னு பாப்பாங்க. இவ பார்க்கல, ஏன்னா தங்கச்சி மூஞ்சியில 'உன்னால முடியாது'ன்னு எழுதியிருக்கும். அதைப் பார்த்தா இவ இறங்க மாட்டா. அதனாலதான் பார்க்கல. அவ தங்கச்சியை விட்டுட்டுப் போகல. அந்த மூஞ்சியை விட்டுட்டுப் போறா." கொஞ்சம் நிறுத்தினாள். "பதிமூணாவது வரியில இருக்கு. 'கண்ணாடியில்கூட' அப்படின்னு. பேருந்துக் கண்ணாடியில தெரியறதைக்கூடப் பார்க்கலன்னு அர்த்தம்."

நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது கேள்விக்குப் போகவே இல்லை. விக்கா வெளியே போனாள்.

"ஏழு!" என்றாள் லோனெ கதவு சாத்தினதுமே. "என்ன பொண்ணு! என்னையே அடக்கிட்டா! ஏழு குடுத்துடுவோம்."

சிசெல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாலு," என்றாள்.

"நாலா? உன் பொண்ணுடி அது! உனக்கே மனசு வரலையா?"

"ஒரு பதில் ஏழுக்கானது, ஒத்துக்கறேன். பத்துக்குக்கூட. ஆனா தொடக்கம் தடுமாற்றம், ரெண்டாவது கேள்வி தொடவே இல்ல, கதையோட நடையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. வேற பிள்ளையா இருந்தா நீ என்ன போடுவே?"

லோனெ குறிப்பைப் புரட்டினாள். "நாலு," என்றாள் மெதுவாக. "ஆனா பாவம், அவ எவ்வளவு..."

"பாவம் பாத்தது போதும், லோனெ. ரெண்டு வருஷம் பாத்தாச்சு."

விக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் உட்காரவில்லை, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்திருந்தது. நடைபாதையில் காய் துவைத்த சட்டையோடு, கையில் குட்டிக் கொடியோடு, ஆட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

"நாலு," என்றாள் சிசெல்.

விக்கா துள்ளவில்லை. லோனெவைப் பார்த்தாள், பிறகு சிசெலைப் பார்த்தாள். இந்த முறை சிசெலும் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பாவம் பாத்துப் போட்டதா?"

"இல்ல."

"அப்ப சரி," என்றாள் விக்கா.